பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது, வேலை தெரிகிறதா? ஆபத்து மிகுந்த ஆலைகளில் பயிற்சி பற்றிய அனுபவங்கள்

ஆலைப் பயிற்றுநர்:

வேதி ஆலை, எரிவாயு நிலையம், சுரங்கம், கடல் நடுவே எண்ணெய் மேடை என எங்கே வேலை செய்பவராக இருந்தாலும் ஒரு கேள்விக்கு உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். ஒருவருக்கு வேலை தெரியும் என்று உங்கள் இடத்தில் யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? வகுப்புக்கு வந்தார், தாளில் சரியான விடையைக் குறித்தார், கையெழுத்திட்டார் என்பதோடு அது முடிந்துவிடுகிறதா?

பயிற்சித் துறைக்கு வருவதற்கு முன் நெடுங்காலம் நான் ஷிஃப்ட் வேலையில் இருந்தவன். நான் போன ஓர் ஆலையில் எல்லாத் தேர்வுகளிலும் தேறிய இளம் ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். கம்ப்ரசர் திடீரென்று நின்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். செய்முறைக் கையேட்டின் படிகளை வரிசை மாறாமல் சொன்னார். அவரைக் களத்துக்கு அழைத்துப் போய், அதில் வரும் வால்வைத் தொட்டுக் காட்டச் சொன்னேன். காட்டினார். "இது திறக்கவில்லை என்றால்?" என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. அந்தப் பையனைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தாளில் அப்படி ஒரு கேள்விக்கு இடமும் இல்லை.

1998 செப்டம்பர் 25 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் லாங்ஃபோர்ட் எரிவாயு ஆலையில் நடந்ததை நான் எல்லா வகுப்பிலும் சொல்வேன். சூடான எண்ணெயின் ஓட்டம் நின்றுபோனதால் ஒரு வெப்பப் பரிமாற்றி உறைநிலைக்கும் மிகக் கீழே குளிர்ந்தது. அந்த அளவு குளிரில் எஃகு நெகிழ்வை இழந்துவிடும். இது தெரியாமல் சூடான எண்ணெயை மீண்டும் செலுத்தியபோது கலன் பிளந்து தீப்பற்றியது. இருவர் இறந்தார்கள், எட்டுப் பேர் காயமடைந்தார்கள். மாநிலத்தின் எரிவாயு வழங்கல் ஏறக்குறைய இரண்டு வாரம் முடங்கியது. ஆபரேட்டர்களுக்குத் தக்க பயிற்சி அளித்திருந்ததாக நிறுவனம் வாதிட்டது. விசாரித்த ராயல் கமிஷன் அதை ஏற்கவில்லை. குளிர்ந்த கலனில் ஒளிந்திருக்கும் ஆபத்தை அந்த மனிதர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை என்பதையே முதன்மையான காரணமாகச் சொன்னது.

என்ன செய்ய வேண்டும் என்பதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஏன் செய்யக்கூடாது என்பதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. உங்கள் இடத்தில் எப்படி? எழுதுங்கள்.

பராமரிப்பு ஃபிட்டர்:

ஐயா, என் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வொர்க் பெர்மிட், அதாவது வேலை தொடங்குமுன் வாங்கும் எழுத்து அனுமதி, பற்றி எனக்கு நடந்த வகுப்பு அரை நாள். எந்தக் கட்டத்தில் யார் கையெழுத்து, எந்தப் பிரதி யாருக்கு என்பதைச் சொன்னார்கள். ஆனால் வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு மூத்த ஃபோர்மேன். மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு முடித்ததும், "இப்போது ஸ்டார்ட் பட்டனை அழுத்து" என்பார். அது ஓடவில்லை என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்க விடுவார். தவறான பிரேக்கரைப் பூட்டிவிட்டு, எல்லாம் சரி என்று நம்பி நிற்பது எவ்வளவு எளிது என்பது அவருக்குத் தெரியும்.

குழாய்களை போல்ட் போட்டு இணைக்கும் ஃபிளாஞ்சைப் பிரிப்பதும் அப்படித்தான். நம்மை நோக்கிய பக்கத்து போல்ட்டை முதலில் தளர்த்தக்கூடாது. எதிர்ப்பக்கத்தில் உள்ளதைத் தளர்த்த வேண்டும். குழாயில் அழுத்தமோ திரவமோ மிச்சமிருந்தால் அது நம் முகத்தை விட்டு விலகிப் பீய்ச்சும். சான்றிதழோடு வந்த ஒருவர் தோலை அரிக்கும் காஸ்டிக் திரவக் குழாயில் தன் பக்கத்து போல்ட்டில் ஸ்பேனரை வைத்ததைப் பார்த்து, கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். குழாயில் அன்று மிச்சம் இருந்தது. எதிர்ப்பக்கம் தளர்த்தியதும் அது தரையில் கொட்டியதை அவரே பார்த்தார். அதன் பிறகு அவருக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வட கடலின் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையை நினைக்காமல் என்னால் பெர்மிட்டைப் பற்றிப் பேச முடியாது. 1988 ஜூலை 6. ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வைப் பழுதுபார்க்கக் கழற்றியிருந்தார்கள். அந்த இடத்தில் வெறும் மூடித் தகடு மட்டும் இருந்தது. இரவு ஷிஃப்டில் இன்னொரு பம்ப் நின்றுபோனது. வால்வு கழற்றிய முதல் பம்ப்பைப் பற்றிய பெர்மிட் அந்த ஷிஃப்டினருக்குத் தெரியும். வால்வைக் கழற்றியதற்கான பெர்மிட் தனியாக இருந்தது, அது அவர்கள் கவனத்துக்கு வரவே இல்லை. அந்த முதல் பம்ப்பை ஓட்டினார்கள். மூடித் தகட்டின் வழியே கசிந்தது வெடித்துத் தீப்பற்றி 167 பேர் இறந்தார்கள். விசாரித்த கல்லன் பிரபு 1990ல் 106 பரிந்துரைகள் கொடுத்தார். பெர்மிட் முறையில் அங்கே முறையான பயிற்சி இருக்கவில்லை, வேலையின் போக்கில் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டார்கள் என்பது அவர் கண்டவற்றில் ஒன்று.

நான் மேலே புகழ்ந்த ஃபோர்மேனும் வேலையின் போக்கில் கற்றுக்கொடுத்தவர்தான். அவர் நல்லவராக அமைந்தது என் அதிர்ஷ்டம். அரைகுறையாகத் தெரிந்தவரிடம் போயிருந்தால் அந்த அரைகுறையைத்தான் நானும் கற்றிருப்பேன். மூத்தவரிடம் கற்றால் போதும் என்று சொல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். யார் கற்றுக்கொடுக்கலாம் என்பதையும் ஆலை சோதித்துத் தீர்மானிக்க வேண்டும்.

தொட்டி வாசல் காவல்:

ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் ஷட்டவுன் காலங்களில் காண்டிராக்டரின் கீழ் வேலை செய்கிறேன். தொட்டி, ரியாக்டர் போன்ற மூடிய கலன்களுக்குள் ஆட்கள் இறங்கும்போது வாசலில் நின்று கவனிப்பது என் பொறுப்பு. சும்மா நிற்கிற வேலை என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உள்ளே குதிக்காமல் இருப்பதுதான் இந்த வேலையில் மிகக் கடினமானது.

அறிமுகப் பயிற்சி என்று பல இடங்களில் ஒரு வீடியோ போடுவார்கள். பாதிப் பேருக்குப் புரியாத மொழியில் அது ஓடும். முடிந்ததும் தாள் வரும், எல்லோரும் கையெழுத்திடுவோம். அதே நாளில் கலனுக்குள் இறக்கிவிடுவார்கள். ஓர் இடம் மட்டும் வேறு மாதிரி. அங்கே ஒரு பழைய தொட்டியைப் பயிற்சிக்கென்றே வைத்திருந்தார்கள். மனித எடையுள்ள பொம்மையை உள்ளே போட்டு, "உங்கள் ஆள் மயங்கிவிட்டார், என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்கள். எங்கள் குழுவில் பெரும்பாலோரின் கால் தானாக வாசலை நோக்கிப் போனது. "அங்கே நில்லுங்கள். இப்போது இறந்தவர்கள் இருவர்" என்றார் பயிற்சியாளர். எச்சரிக்கை கொடுப்பது, ஆட்களை அழைப்பது, கயிற்றையும் முக்காலித் தாங்கியையும் கொண்டு வெளியிலிருந்தே தூக்குவது என்று உடம்பில் ஊறும்வரை செய்ய வைத்தார்கள்.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் 1986ல் வெளியிட்ட கணக்கில், மூடிய கலன் மரணங்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்களுடையவை. காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 21 சதவீதம். அது 19.5க்குக் கீழே போனாலே உள்ளே இறங்கக்கூடாது. நைட்ரஜன் நிரம்பிய கலனில் ஓரிரு மூச்சிலேயே நினைவு போய்விடும். வாசனை வராது, மூச்சுத் திணறலும் தெரியாது. 2005 நவம்பரில் டெலவேர் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் நைட்ரஜன் செலுத்தியிருந்த ரியாக்டருக்குள் கிடந்த ஒட்டு நாடாச் சுருளை எடுக்க முயன்றபோது ஒரு காண்டிராக்ட் தொழிலாளி உள்ளே மயங்கினார். அவரைக் காப்பாற்றப் போனவரும் இறந்தார். இவர்களும் எங்களைப் போல வெளியிலிருந்து வந்தவர்கள். இதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.

புதிய பொறியாளர்:

காவல் அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ஒரு சந்தேகம். ஷட்டவுனுக்கு ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் வருகிறார்கள். எல்லோரையும் பொம்மையைத் தூக்க வைக்க நேரம் கிடைக்குமா?

தொட்டி வாசல் காவல்:

எல்லோருக்கும் தேவையில்லை தம்பி. கலனுக்குள் இறங்குபவர், வாசலில் நிற்பவர், மீட்புக் குழு, இவர்களுக்கு மட்டும் கட்டாயம் வேண்டும். மற்றவர்களுக்குச் சைரன் கேட்டால் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்பதைச் சொன்னால் போதாது, ஒருமுறை நடத்திக் காட்ட வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கு அதிக நேரம் ஆகாது.

கட்டுப்பாட்டறை:

பயிற்சி இல்லாததால் வந்த விபத்துகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டீர்கள். கொடுத்த பயிற்சியே தவறான பக்கம் தள்ளிய கதையும் உண்டு. 1979 மார்ச் 28, அமெரிக்காவில் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையம். உலை நீரின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் அழுத்தக் கலன் முழுக்கத் தண்ணீர் நிரம்ப விடவே கூடாது என்பதை ஆபரேட்டர்களுக்கு ஆழமாகப் பதிய வைத்திருந்தார்கள். அன்று ஒரு விடுவிப்பு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. உலையிலிருந்து தண்ணீர் வெளியேறிக்கொண்டிருந்தபோது, அழுத்தக் கலனின் மட்டம் மட்டும் ஏறுவதாகக் காட்டியது. அவர்கள் கற்றபடியே நடந்தார்கள். அவசரக் குளிர்விப்பு நீரைக் குறைத்தார்கள். உலையின் மையம் பகுதியளவு உருகியது. அவர்களை முட்டாள்கள் என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அந்த நிலையில் அதே பயிற்சி பெற்ற யாரும் அதையே செய்திருப்பார்கள்.

ஆலையைத் திரையில் போலியாக ஓட்டிப் பழகும் எங்கள் சிமுலேட்டரில் தொடக்கத்தில் ஆலையை ஓட்டுவது, நிறுத்துவது என்ற இரண்டும்தான் பயிற்சி. பிறகு வந்த ஒரு பயிற்சியாளர் அதை மாற்றினார். யாரிடமும் சொல்லாமல் ஒரு மட்டமானியைப் பொய் சொல்ல வைப்பார். திரையில் மட்டம் இறங்கிக்கொண்டிருக்கும், உள்ளே திரவம் ஏறிக்கொண்டிருக்கும். உள்ளே போகும் ஓட்டமும் வெளியே வரும் ஓட்டமும் ஒத்துப்போகின்றனவா என்று யாராவது கணக்குப் பார்க்கும்வரை காத்திருப்பார். முதல் சுற்றில் எங்களில் எவரும் அதைக் கவனிக்கவில்லை. இன்று எங்கள் ஷிஃப்டில் ஓட்டக் கணக்கைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

அவர் அந்தப் பயிற்சியைத் தேர்ந்தெடுத்தது 2005 மார்ச் 23 அன்று டெக்சஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் நடந்ததை வைத்து. அங்கே ஒரு கோபுரம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தபோது, மட்டம் மெல்ல இறங்குவதாகக் கருவி காட்டியது. வழிந்தது தீப்பற்றி வெடித்ததில் 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். அந்த ஆலையில் பயிற்சித் துறையின் ஆட்களை ஏற்கெனவே வெகுவாகக் குறைத்திருந்தார்கள் என்றும், ஆபரேட்டர்கள் பழகிப் பார்க்கச் சிமுலேட்டர் இல்லை என்றும் விசாரணை அறிக்கை சொல்கிறது. செலவைக் குறைக்க வேண்டிய ஆண்டில் முதலில் வெட்டுப்படுவது பயிற்சிதான் என்பதை நானும் பார்த்திருக்கிறேன். குறைத்த மாதத்தில் எதுவும் தெரியாது, அதுதான் கொடுமை.

பாதுகாப்பு அலுவலர்:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். "சந்தேகம் வந்தால் வேலையை நிறுத்த உங்களுக்கு உரிமை உண்டு" என்று எல்லா வகுப்பிலும் சொல்கிறோம். ஒரு ஷட்டவுனில் ஒரு வெல்டரின் உதவியாள், கேஸ் டெஸ்ட் எடுத்து வெகுநேரமாகிவிட்டது என்று சொல்லி வேலையை நிறுத்தினார். மறுபடி அளந்தார்கள். எரிவாயு இல்லை. தாமதத்துக்காக அவருடைய காண்டிராக்டர் எல்லோர் முன்னிலையிலும் அவரைத் திட்டினார். அந்த ஷட்டவுன் முடியும்வரை வேறு யாரும் எதையும் நிறுத்தவில்லை. ஆலை மேலாளரிடம் இதைக் கொண்டுபோனேன். அடுத்த ஷட்டவுனின் முதல் நாள் அவரே வந்து, அந்த உதவியாளை எல்லோர் முன்பும் அழைத்து நன்றி சொன்னார், காண்டிராக்டரும் அங்கே நின்றார். அந்த ஒரு காலையில் நடந்தது என் எல்லா வகுப்புகளையும்விட அதிகம் கற்றுக்கொடுத்தது என்று நம்புகிறேன்.

புதிய பொறியாளர்:

பயிற்றுநர் ஐயா, நீங்கள் முதலில் கேட்ட கேள்விக்கு உங்கள் பதில் என்ன? தாளை விட்டால் எதை வைத்து முடிவு செய்வது?

ஆலைப் பயிற்றுநர்:

தாளை விட வேண்டாம், அதில் என்ன எழுதுகிறோம் என்பதை மாற்ற வேண்டும். அமெரிக்காவின் 1992ஆம் ஆண்டு செயல்முறைப் பாதுகாப்பு விதி, ஆபரேட்டர்களுக்குக் குறைந்தது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபயிற்சி கேட்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது அதன் இன்னொரு வரி: யார், எந்தத் தேதியில் பயிற்சி பெற்றார் என்பதோடு, அவர் புரிந்துகொண்டார் என்பதை எந்த வழியில் சரிபார்த்தீர்கள் என்பதையும் பதிவுசெய்ய வேண்டும்.

நான் பின்பற்றுவது இது. ஆபத்து அதிகமுள்ள வேலைகளை முதலில் பிரித்தெடுப்பேன், அவற்றில் அரிதாக நடப்பவை எவை என்று பார்ப்பேன். தினமும் செய்யும் வேலை கையில் நிற்கும், ஆண்டுக்கு ஒருமுறை வரும் வேலைதான் மறந்துபோகும். அந்த வேலைகளுக்குக் களத்திலேயே, உபகரணத்தின் முன் நிறுத்திச் சோதனை. செய்து காட்ட வேண்டும், ஏன் என்று சொல்ல வேண்டும், நினைத்தபடி நடக்காவிட்டால் என்ன செய்வார் என்றும் சொல்ல வேண்டும். சோதிப்பவர் அதே வேலையைச் செய்தவராக இருக்க வேண்டும், அவர் உற்பத்திக்குப் பொறுப்பான மேலாளராக இருக்கக்கூடாது. தேறாதவருக்குச் சம்பளத்தில் கை வைக்கக்கூடாது. வைத்தால் தெரியாததை மறைக்கத்தான் எல்லோரும் கற்றுக்கொள்வார்கள். முதலில் சொன்ன அந்த இளம் ஆபரேட்டருக்கும் இப்படித்தான் மறுசோதனை நடத்தினோம். வால்வு திறக்காவிட்டால் எந்த வழியாக அழுத்தத்தைக் குறைக்கலாம் என்பதை அவர் வரைபடத்தில் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். கூடவே அந்த வால்வைக் கடைசியாக எப்போது இயக்கிப் பார்த்தார்கள் என்றும் கேட்டார். பராமரிப்புப் பதிவில் அதற்கு விடை இல்லை, அந்த வாரமே அதை இயக்கிச் சோதிக்க ஏற்பாடு செய்தோம்.