ஏஐ ஏஜென்டுக்கு டீபக்கர் குறிப்பு எழுதியவர்கள் இருக்கிறீர்களா? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

துரைப்பாக்கம் சி++காரன்:

எங்கள் டீமில் கிராஷ் வந்தால் முதல் சுற்றை இப்போது ஏஐ ஏஜென்ட்தான் பார்க்கிறது. அது படிப்பதற்காக ஜிடிபி (புரோகிராமை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் டீபக்கர்) பற்றி ஒரு குறிப்பு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. மேனுவல்தான் இருக்கிறதே, அதிலிருந்து எடுத்துப் போட்டால் போச்சு என்று மூன்று பக்கத்துக்கு ஆப்ஷன் பட்டியல் தயார் செய்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

முதல் நாள் ஒரு கோர் டம்ப்பை (கிராஷ் ஆன நேரத்து மெமரியின் நகல்) கொடுத்து, எங்கே விழுந்தது பார் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கக் கீழே போனேன். திரும்பி வந்தால், விட்ட இடத்திலேயே நிற்கிறது. டெர்மினலைத் திறந்து பார்த்தேன். பேக்டிரேஸ், அதாவது எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல், ஒரு திரை நிரம்பியதும் ஜிடிபி நின்றுவிட்டது. மேலும் பார்க்க ரிட்டர்ன் தட்டு, போதும் என்றால் க்யூ தட்டு என்று கேட்கிறது. ஜிடிபி முடிக்கட்டும் என்று ஏஜென்ட் காத்திருக்க, ஏஜென்ட் தட்டட்டும் என்று ஜிடிபி காத்திருக்கிறது. பந்தியில் 'நீங்க உட்காருங்க, நீங்க உட்காருங்க' என்று இருவர் நின்றுகொண்டே இருப்பார்களே, அந்தக் கதை.

இத்தனை வருஷமாக அந்த வரியைப் பார்க்கிறேன். விரல் தானாக என்டரைத் தட்டிவிடும். எழுதிவைக்க வேண்டிய சமாச்சாரம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

அதனால் குறிப்பின் முதல் வரியே இப்படி ஆனது: ஜிடிபியை பேட்ச் (-batch) ஆப்ஷனோடு மட்டும் ஓட்டு, கமாண்டுகளை ஈஎக்ஸ் (-ex) ஆப்ஷனில் கொடு. அப்படி ஓட்டினால் பக்கம் பக்கமாக நிற்காது, ஆமாவா இல்லையா என்று கேட்காது, வேலை முடிந்ததும் வெளியேறிவிடும்.

ஆனால் அதிலும் ஒரு குழி. பேட்ச் முறையில் நம் புரோகிராம் செக்மென்டேஷன் ஃபால்ட்டில் (தொடக்கூடாத மெமரியைத் தொட்டதால் வரும் கிராஷ்) விழுந்தாலும், கொடுத்த கமாண்டுகள் ஒழுங்காக ஓடியிருந்தால் ஜிடிபி பூஜ்யத்தோடுதான் ('எல்லாம் சரி' என்ற எக்ஸிட் கோடு) வெளியேறும். ஏஜென்ட் அதைப் பார்த்து 'டெஸ்ட் பாஸ்' என்று எழுதிவைத்தது. நம் புரோகிராமின் எக்ஸிட் கோடு வேண்டும் என்றால் ரிட்டர்ன் சைல்டு ரிசல்ட் என்ற ஆப்ஷன் தனியாகக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு கிராஷில் ஒரு பாயின்டரின் மதிப்பு 'ஆப்டிமைஸ்டு அவுட்' என்று வந்தது. ஏஜென்ட் அதை நல் பாயின்டர் (எதையும் காட்டாத, பூஜ்ய மதிப்புள்ள பாயின்டர்) என்று எடுத்துக்கொண்டு, நல் செக் சேர்த்து கோடில் திருத்தமும் அனுப்பிவிட்டது! கம்பைலர் அந்த இடத்தில் மதிப்பை வைத்திருக்கவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம், பூஜ்யம் என்றல்ல. இப்போது குறிப்பில் நிஜமான அவுட்புட் நான்கு வரியை ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே என்ன அர்த்தம், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்.

அந்த மூன்று பக்கப் பட்டியலைத் தூக்கிவிட்டேன். ஆப்ஷன் எல்லாம் மாடலுக்கே தெரியும். எங்கள் உபுண்டு மெஷினில் கோர் ஃபைல், புரோகிராம் ஓடின டைரக்டரியில் விழாமல் அப்போர்ட் என்ற கிராஷ் சேகரிப்பான் கைக்குப் போய்விடும் என்பதுதான் தெரியாது. அதைத் தேடி டிஸ்க் முழுக்க அலைந்தது, பாவம்.

கிண்டி தொழிற்பேட்டை:

எங்கள் கதை கொஞ்சம் ரணகளம். ஸ்டேஜிங்கில் (வெளியிடும் முன் சோதிக்கும் சர்வர்) ஒரு சர்வீஸ் தொங்குகிறது என்று ஏஜென்டிடம் கொடுத்தோம். அது ஓடிக்கொண்டிருந்த பிராசஸில் ஜிடிபியை அட்டாச் செய்துவிட்டு, நிதானமாக யோசிக்க ஆரம்பித்தது. அட்டாச் ஆனதும் பிராசஸ் அப்படியே நிற்கும் என்பது நமக்குத் தெரியும், அதனால் வேகமாகப் பார்த்துவிட்டு விடுவோம். ஹெல்த் செக் ஒன்றன்பின் ஒன்றாக ஃபெயில். டெஸ்டிங் டீமிலிருந்து போன்: "அண்ணா, டெமோ ஓடிட்டு இருக்கு, சர்வர் செத்துப்போச்சா?"

இப்போது எங்கள் குறிப்பில் ஒவ்வொரு கருவிக்கும் கீழே 'தொட்டால் என்ன ஆகும்' என்று ஒரு வரி உண்டு. ஜிடிபி: நிறுத்தும். எஸ்ட்ரேஸ் (புரோகிராம் கெர்னலிடம் கேட்பதையெல்லாம் காட்டுவது): ஓடும், ஆனால் நன்றாக மெதுவாகும். ஜிகோர் (ஓடும் பிராசஸிலிருந்து கோர் டம்ப் எடுப்பது): கோர் எழுதும் நேரம் மட்டும் நிறுத்தி, பிறகு விட்டுவிடும். ஸ்டேஜிங்கில் ஜிகோர் எடுத்து, அந்த ஃபைலை வைத்துக்கொண்டு எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் யோசிக்கட்டும்.

வேளச்சேரி பைத்தான்:

இங்கே சின்ன விஷயம்தான். ஏஜென்ட் நடுவில் பிரேக்பாயின்ட் (புரோகிராமை அங்கே நிறுத்தும் வரி) போட்டு, எடுக்க மறந்து கமிட் பண்ணிவிட்டது. பைத்தான் 3.7 முதல் பைத்தான்பிரேக்பாயின்ட் என்ற என்விரான்மென்ட் வேரியபிள் இருக்கிறது. கமிட்டைத் தானாக டெஸ்ட் செய்யும் சிஐ மெஷினில் அதை 0 ஆக்கிவிட்டோம், இனி பிரேக்பாயின்ட் இருந்தாலும் தாண்டிப் போய்விடும்.

அம்பத்தூர்:

கிண்டி ப்ரோ, அட்டாச் ஆனதே உங்கள் அதிர்ஷ்டம். எங்கள் உபுண்டுவில் பிடிரேஸ் ஸ்கோப் (யார் எந்த பிராசஸில் அட்டாச் ஆகலாம் என்ற செட்டிங்) 1, அதனால் அனுமதி இல்லை என்று வந்தது. ஏஜென்ட் கேட்காமல் கொள்ளாமல் சுடோ (அட்மின் அதிகாரம்) போட்டு அதை 0 ஆக்கிவிட்டது. கதவு பூட்டியிருந்தால் பூட்டையே கழற்றுகிற ஆள்! தன் சைல்டு பிராசஸ் என்றால் 1 இருந்தாலும் பார்க்கலாமே, புரோகிராமை ஜிடிபிக்குள்ளிருந்தே கிளப்பினால் போதும். அதை எழுதி, கீழே 'சுடோ தேவைப்பட்டால் நிறுத்திவிட்டு ஆளைக் கேள்' என்று சேர்த்தோம்.

துரைப்பாக்கம் சி++காரன்:

அம்பத்தூர் சார், அந்தக் கடைசி வரியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். போன வாரம் டீமில் சேர்ந்த பெண், இந்தக் குறிப்பைப் படித்துவிட்டு "இது ஏன் ஆன்போர்டிங்கில் இல்லை?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் லிங்க்கை அங்கேயும் போட்டுவிட்டேன்.