பைனாக்குலருக்கு உள்ளே பனிமூட்டம், டெல்லியில் எங்கே சரிசெய்யலாம்?

8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ.), ரூஃப் பிரிசம் (நேர்க்குழாய் வகை), உள்ளே மூட்டம் கட்டாமலிருக்க நைட்ரஜன் நிரப்பியது. 2019ல் வாங்கியது, வாரண்டி முடிந்துவிட்டது. ஆகஸ்டில் உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவில், அடிவார ஊரான கங்காரியாவிலிருந்து ஏறிய ஒரு நாள் நடையில், நாலு மணி நேரத் தூறலில் நனைந்தது. மறுநாள் காலையிலிருந்து வலது குழாயில் மட்டும் உள்பக்கம் மூட்டம். வெளியே துடைத்தால் போகவில்லை. அறையின் சூட்டிலிருந்து குளிருக்கு எடுத்துப் போனால் உடனே வருகிறது, இருபது நிமிடத்தில் கலைகிறது. சரிவில் மேயும் நீல ஆடு வெறும் சாம்பல் புள்ளியாகத்தான் தெரியும். மோனல் (இமாலயக் காட்டுக்கோழி வகைப் பறவை) விடியலில் வெளியே வரும் நேரத்தில் கருவியே குருடு.

வலது கண்பக்க டயாப்டர் வளையம் (அந்தக் கண்ணுக்கு மட்டும் ஃபோகஸ் சரிசெய்வது) லேசாக ஆடுகிறது. அங்கேதான் ஓ-ரிங் (ரப்பர் அடைப்பு வளையம்) தளர்ந்து ஈரக்காற்று புகுந்திருக்கும் என்பது என் கணிப்பு.

காற்றுப்புகா டப்பாவில் 200 கிராம் சிலிக்கா ஜெல்லோடு ஐந்து நாள் வைத்தேன். டெல்லி வெயிலில் சரியாயிற்று, ஏசி அறையில் திரும்ப வந்துவிட்டது. ஹேர் டிரையர் வேண்டாம். கிரீஸ் இளகிப் பிரிசத்தில் படியும். அரிசி மூட்டை யோசனையும் வேண்டாம், தூசிதான் மிச்சம். சாந்தினி சௌக் கேமரா கடைகள் இரண்டில் கேட்டேன்: திறந்து துடைப்பார்களாம், நைட்ரஜன் அடைக்க மாட்டார்களாம். அப்படித் திறந்தால் முதல் குளிரிலேயே மறுபடி மூட்டம் கட்டும், கூடவே இரு குழாயும் ஒரே இடத்தைக் காட்டும் நேர்கோடும் கெடலாம்.

அக்டோபர் நடுவில் குலு பக்கம் பெரிய இமாலய தேசியப் பூங்காவுக்குக் கிளம்ப வேண்டும்.

ஓ-ரிங் மாற்றி, நைட்ரஜன் அடைத்து, நேர்கோடும் சரிபார்த்துத் தருபவர் டெல்லியிலோ நொய்டா, குர்காவ்ன் பக்கமோ யாராவது இருக்கிறார்களா?