கப்பலில் ஏழு இரவு: கையைக் கடிக்காமல் துணி துவைக்க வழி சொல்லுங்க

தக்கலைப் பையன்:

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பரில் அப்பா, அம்மா, நான், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று ஆறு பேர் சிங்கப்பூரில் கப்பல் ஏறி போர்ட் கிளாங், பினாங்கு, புக்கெட் போய்த் திரும்புகிறோம். ஏழு இரவு. தம்பி சிங்கப்பூரில்தான் வேலை பார்க்கிறான், ஆனால் நான்கு பேர் சேர்ந்து தங்குகிற அறை, அங்கே போய் ஆறு பேர் துணியை அவிழ்த்துப் போட முடியாது. திருவனந்தபுரத்தில் இருந்து போகிற விமானத்தில் ஆளுக்கு 20 கிலோதான். அதிலும் அம்மா அவனுக்காக முந்திரிக்கொத்தும் நேந்திரங்காய் சிப்ஸும் எடுத்து வைத்தது போக மிஞ்சிய இடத்தில்தான் துணி.

கப்பலில் சலவைக்குப் போட்டால் உருப்படிக்கு இவ்வளவு என்று கணக்காம். விலைப்பட்டியலைப் பார்த்தேன், சட்டை ஒன்றுக்கே மூன்று நான்கு டாலர், உள்ளாடைக்கும் தனி விலை. ஆறு பேருக்கும் போட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போடவே பயமாக இருக்கிறது. அப்பா வேட்டி தவிர வேறு உடுத்த மாட்டார், அம்மாவுக்கு காட்டன் புடவைதான். சின்ன இஸ்திரிப்பெட்டி ஒன்று வீட்டில் இருக்கிறது, கொண்டுபோகலாமா? போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

குளச்சல் கடலோடி:

மக்கா, நான் பயணிகள் கப்பலில் சலவைப் பகுதியிலேயே வேலை பார்த்தவன், அதனால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். முதலில் இஸ்திரிப்பெட்டி. வேண்டவே வேண்டாம். ஏறும்போது பெட்டியை ஸ்கேன் செய்வார்கள், எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள். கப்பலில் எல்லோரும் அஞ்சுவது தீக்குத்தான், நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓடிப்போக இடம் கிடையாது. துணிக்கு நீராவி பிடிக்கிற கருவிக்கும் இதே விதிதான்.

அடுத்து, உங்கள் கப்பலில் பயணிகளே துவைத்துக்கொள்கிற மெஷின் அறை உண்டா என்று பாருங்கள். கார்னிவல், பிரின்சஸ், டிஸ்னி கப்பல்களில் பெரும்பாலும் உண்டு, கட்டணம் கட்டி நாமே போட்டு எடுக்கலாம், இஸ்திரி போடவும் அங்கேயே மேசை இருக்கும். குனார்டில் அது இலவசம். ராயல் கரீபியன் கப்பல்களில் அந்த அறையே கிடையாது. இது தெரியாமல் சோப்புப்பொடி சுமந்துகொண்டு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மெஷின் அறை இல்லாத கப்பலில் பைச்சலுகை ஒன்று வரும். பயணத்தின் நடுவில் ஒருநாள் ரூமில் ஒரு சீட்டும் பையும் வைப்பார்கள். பையில் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவும் ஒரே விலை, கப்பலைப் பொறுத்து முப்பது நாற்பது டாலர் வரும். பையின் வாய் மூட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. துணியை இறுக்கிச் சுருட்டி அடுக்கினால் ஒரு குடும்பத்தின் இரண்டு மூன்று நாள் துணி தாராளமாகப் போகும். உருப்படிக் கணக்கில் பத்துச் சட்டைக்குக் கொடுக்கிற காசு அது. சீட்டு வரவில்லை என்றால் ரூம் பார்க்கிற பையனிடம் கேளுங்கள், கேட்டால் கொண்டுவந்து தருவார்.

ஆனால் அந்தப் பையில் எதைப் போடுவது என்பதில் கவனம் வேண்டும். எல்லாமே சேர்ந்துதான் வெந்நீரில் ஓடும், அப்புறம் நேரே டிரையர். சாயம் போகிற காட்டன் புடவையைப் போட்டால் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையும் அதே நிறத்தில் திரும்பி வரும். ஜரிகைக்கரை வேட்டி, ரவிக்கை, கம்பளி எதுவும் வேண்டாம். ஜீன்ஸ், டிஷர்ட், பிள்ளைகள் துணி, சாரம் (லுங்கி), இதெல்லாம் போடலாம். உள்ளே வைக்கிற சீட்டில் எண்ணிக்கையைச் சரியாக எழுதுங்கள், ஒன்று குறைந்தால் தேடுவதற்கு அதுதான் ஆதாரம். இறங்குவதற்கு முந்தின நாள் கொடுக்காதீர்கள். திரும்பி வர ஒரு நாளுக்கு மேல் ஆகலாம், அவசரம் என்றால் கூடுதல் காசு.

குலசேகரம் அக்கா:

தம்பி, கடலோடி அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனால் தினமும் ராத்திரி கொஞ்சம் அலசிப் போட்டால் அந்தப் பை ஒன்றே உங்களுக்குத் தாராளம். நான் போனபோது அப்படித்தான் சமாளித்தேன். எங்கள் ஊரில் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை, வெயிலே காட்டாமல் துணி காயவைக்கிற வித்தை குலசேகரம் பெண்களுக்குப் புதிதில்லை.

குளிக்கப் போகும்போதே பிள்ளைகளின் உள்ளாடை, பனியன், சாக்ஸ் எல்லாவற்றையும் வாஷ்பேசினில் ஊறப் போடுங்கள். சோப்புப்பொடி வேண்டாம், எவ்வளவு அலசினாலும் போகாது. பார் சோப்பில் பாதித் துண்டு போதும். அலசியதை முறுக்கிப் பிழிந்ததும் கொடியில் போடக்கூடாது, இதுதான் முக்கியம். ரூமில் தருகிற பெரிய டவலைக் கட்டிலில் விரித்து, அதன்மேல் துணியைப் பரப்பி, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, முழங்காலை வைத்து அழுத்துங்கள். தண்ணீர் பூராவும் டவலுக்குப் போய்விடும். நம்ம ஊர் துவர்த்துத் துண்டில் இது நடக்காது, மெல்லிசு. அந்தக் கனத்த டவல்தான் இதற்குச் சரி, மறுநாள் அதை மாற்றியும் தந்துவிடுவார்கள்.

குளிக்கிற இடத்தில் இழுத்து மாட்டுகிற கொடி ஒன்று பெரும்பாலும் இருக்கும், சுவரில் சின்ன வட்டமாகத் தெரியும், பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அப்புறம் கப்பல் ரூமின் சுவர் இரும்பு. காந்தக் கொக்கி நாலைந்து வாங்கிக்கொள்ளுங்கள், ஹேங்கரோடு ஏசி காற்று படுகிற இடத்தில் மாட்டலாம். பாத்ரூம் கதவைத் திறந்தே வையுங்கள், உள்ளே அடைத்துப் போட்டால் காலையிலும் சொதசொதவென்று இருக்கும், வாடையும் வரும். பால்கனியில் மட்டும் காயப் போடாதீர்கள், விதியும் விடாது, காற்றும் விடாது.

அம்மாவுக்கு இந்த ஒரு பயணத்துக்காவது பூனம் புடவை நாலு எடுத்துக் கொடுங்கள். ராத்திரி நனைத்தால் விடியும்போது கட்டிக்கொள்ளலாம், இஸ்திரியும் வேண்டாம், பெட்டியிலும் இடம் அடைக்காது. அப்பாவுக்கு எட்டு முழம் வேண்டாம், நாலு முழம் ஒற்றை வேட்டியாகப் பாருங்கள். டபுள் வேட்டி ஏசி ரூமில் இரண்டு நாள் ஆனாலும் காயாது.

மார்த்தாண்டம் வாசு:

இவ்வளவு பாடு எதற்கு? பினாங்கில் இறங்குகிறீர்கள் அல்லவா, கப்பல் நிற்பது ஜார்ஜ் டவுனிலேயே, ஸ்வெட்டன்ஹாம் துறையில் இருந்து நடந்தே ஊருக்குள் போகலாம். மலேசியாவில் காசு போட்டால் ஓடுகிற மெஷின் கடைகளுக்கு டோபி என்றே போர்டு வைத்திருப்பார்கள், தெருவுக்குத் தெரு உண்டு. துவைத்துக் காயவைத்து எடுக்க மொத்தம் ஒன்றரை மணி நேரம், காசும் கப்பலோடு பார்த்தால் சொற்பம். சில்லறை ரிங்கிட் மட்டும் கையில் இருக்கட்டும்.

குலசேகரம் அக்கா:

வாசு, முதல்முறை வெளிநாடு வருகிற பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போய் மெஷின் முன்னால் உட்கார வைப்பதா? பினாங்கில் கோயில் இருக்கிறது, லிட்டில் இந்தியா இருக்கிறது, மலை ரயில் இருக்கிறது. கிடைப்பதே சில மணி நேரம். அது துணிக்குப் போவதில் எனக்குச் சம்மதமில்லை.

மார்த்தாண்டம் வாசு:

எல்லோரும் உட்கார வேண்டாமே அக்கா. துணி ஓடுகிற நேரத்தில் மற்றவர்கள் லிட்டில் இந்தியாவில் சாப்பிடட்டும், ஒருவர் போய் எடுத்து வந்தால் போதும். ஆனால் கிலோக் கணக்கில் வாங்கித் துவைத்துத் தருகிற கடையில் மட்டும் கொடுக்காதீர்கள், நாளைக்கு வாங்க என்பார்கள், கப்பல் நிற்காது. புக்கெட்டில் இதை முயல வேண்டாம். அங்கே பெரும்பாலும் கப்பல் தள்ளி நின்று சின்னப் படகில்தான் கரைக்குக் கூட்டிப்போவார்கள், துணிமூட்டையோடு அது பெரிய அவதி.

தக்கலைப் பையன்:

அக்கா, அண்ணன்மார் எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அம்மாவிடம் பூனம் புடவை பற்றிச் சொன்னேன், முதலில் முகம் சுளித்தார், இஸ்திரி வேண்டாம் என்றதும் சரி என்றுவிட்டார். இன்னும் இரண்டு சந்தேகம். ஒருநாள் இரவு விருந்துக்கு நன்றாக உடுத்தி வரச் சொல்லியிருக்கிறார்கள், அப்பா பட்டுக்கரை வேட்டிதான் உடுத்துவேன் என்கிறார், பெட்டியில் இருந்து எடுத்தால் கசங்கி இருக்குமே? அப்புறம் சின்னவனுக்கு மூன்று வயது, சில இரவு படுக்கையை நனைத்துவிடுவான். மெத்தை விரிப்புக்குக் காசு பிடிப்பார்களா?

குளச்சல் கடலோடி:

விரிப்புக்குக் காசு கிடையாது மக்கா. கப்பலில் நாங்கள் ராப்பகலாக மலைமலையாகத் துவைப்பதே விரிப்பும் டவலும்தான், ஒரு பிள்ளை நனைத்தது யாருக்கும் பாரமில்லை. கூச்சப்படாமல் ஏறின அன்றே ரூம் பையனிடம் சொல்லி, கூடுதலாக ஒரு விரிப்பு வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள். மெத்தை நனையாமல் அடியில் போட வீட்டில் இருந்தே ஒரு ரப்பர் ஷீட் கொண்டுபோவது நல்லது.

வேட்டிக்கு, துவைக்காமல் இஸ்திரி மட்டும் போட்டுத் தருவதற்குத் தனி விலை உண்டு, சலவையை விடக் குறைவு. அந்த ஒரு வேட்டிக்கும் சட்டைக்கும் மட்டும் காசு கொடுங்கள், அது தகும். விருந்து எந்த இரவு என்று முதல்நாளே கேட்டுவிட்டு, அதற்கு முந்தின நாள் காலையிலேயே கொடுத்துவிடுங்கள். அன்றைக்கே கொடுத்தால் அவசரக் கட்டணம் போடுவார்கள். சீட்டில் பட்டுக்கரை, சூடு குறைவாக என்று எழுதுவதோடு நிற்காமல் வாங்க வருகிற பையனிடம் வாயாலும் சொல்லுங்கள். உள்ளே வேலை செய்கிறவருக்கு வேட்டி என்றால் என்னவென்றே தெரியாது, மேசைவிரிப்பு என்று நினைத்து பெரிய சூடான உருளை மெஷினில் விட்டுவிடுவார்.