அமெரிக்காவில் டியுஐ-க்கு (குடிச்சிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டதுக்கு) அப்புறம் லைசென்ஸ்: உங்க வீட்டில் நடந்ததைச் சொல்லுங்க

மதுரைக்காரி, சான் ஹோசே

எங்க வீட்டில் ஒரே கார். அவரைப் பிடிச்ச அன்னைக்கே லைசென்ஸை வாங்கிக்கிட்டு தற்காலிக லைசென்ஸா ரோஸ் கலர் தாளைக் கொடுத்துட்டாங்க, அது 30 நாளைக்குத்தான் செல்லும், எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. 4 மாச சஸ்பென்ஷனை வீட்டில் உட்கார்ந்து கழிச்சா வேலை போயிடும்னு காரில் இன்டர்லாக் (குடிக்கலைன்னு ஊதிக் காட்டினாத்தான் வண்டியை ஸ்டார்ட் பண்ண விடுற கருவி) மாட்டி, கட்டுப்பாட்டோட ஓட்டுற ரெஸ்ட்ரிக்டெட் லைசென்ஸ் வாங்கினார். மாட்டினது அவருக்காக. ஆனா யார் ஸ்டார்ட் பண்ணினாலும் ஊதணும். வாழ்க்கையில் ஒரு சொட்டு தொடாத நானும் ஊதணும்.

ஸ்கூல் டிராப் லைனில் நிக்கிறேன், பீப் அடிக்குது. வண்டி ஓடிக்கிட்டிருக்கும்போதே திடீர்னு மறுபடி ஊதச் சொல்லுமே, அது. முன்னாடி கார் நகருது, பின்னாடி கார் ஒட்டி நிக்குது. பையனை இறக்கிவிட வாலன்டியரா நிக்கிற அம்மா கதவைத் திறக்கக் கையை நீட்டுறாங்க, நான் குழாயை வாயில் வெச்சு ஊதிக்கிட்டிருக்கேன். என் பையன் கிளாஸில் படிக்கிற பொண்ணோட அம்மா அவங்க. நீட்டின கையை எடுத்துட்டு ஒரு அடி பின்னாடி போனாங்க. "நான் இல்லைங்க, அவர்"னு சொல்ல வாய் வந்துச்சு. சொன்னா அவர் மானம், சொல்லாட்டி என் மானம். சொல்லலை. அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு எங்க வீட்டுக்கு விளையாட வரலை.

ப்ளானோ மச்சான்

அக்கா, கஷ்டம்தான். ஆனா உங்க ஊரில் ஊதிட்டா எங்க வேணா ஓட்டலாம். டெக்சஸ்ல என் ரூம்மேட் நிலைமை வேற. போலீஸ் பிடிச்சு ஊதச் சொல்றப்ப மறுத்தா தப்பிச்சிடலாம்னு எவனோ சொன்னதை நம்பி மறுத்துட்டான். மறுத்ததுக்கே 180 நாள் சஸ்பென்ஷன். ஊதி ஃபெயில் ஆகியிருந்தா 90. அப்புறம் கோர்ட்ல ஆக்குபேஷனல் லைசென்ஸ், அதாவது வேலை மாதிரி அவசியத்துக்கு மட்டும் ஓட்ட அனுமதி, வாங்கினான். பொதுவா ஒரு நாளைக்கு 4 மணி நேரம்தான், தக்க காரணம் காட்டினா 12 வரை. ஜட்ஜ் ஆர்டர் காப்பியை எப்பவும் கூடவே வெச்சிருக்கணும்.

ஒரு நாள் சாயங்காலம் இந்தியன் ஸ்டோர்ல தோசை மாவு வாங்கிட்டு வர்றோம். டெயில் லைட் எரியலைன்னு நிறுத்தினாங்க. நான் அப்பதான் ஊரிலிருந்து வந்தவன், எனக்கு இங்க லைசென்ஸ் இல்லை. ஆபீசர் டார்ச் அடிச்சு ஆர்டரை ஒவ்வொரு வரியா படிக்கிறார். ஆர்டரில் 7 மணி வரைக்கும்னு இருக்கு. வாட்சைப் பார்த்தார். 6:40. மாவுப் பாக்கெட்டைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். ஒண்ணும் சொல்லாம திருப்பிக் கொடுத்துட்டு எங்க அபார்ட்மென்ட் கேட் வரைக்கும் பின்னாடியே வந்தார். ரூம்மேட் ஸ்டியரிங்கைப் பிடிச்சிருந்த கை நடுங்கினது இன்னும் என் கண்ணில் நிக்குது.

எடிசன் பாலு

கார் ஓட்ட விட்டாங்களே தம்பி. நியூ ஜெர்சியில் வேலைக்குப் போக மட்டும்னு தனி லைசென்ஸ் எல்லாம் கிடையாது. என் தம்பிக்கு 2017-ல், ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல, முதல் தடவை. முழுசா 3 மாசம். இப்பதான், 2019 டிசம்பருக்கு அப்புறம், அந்த அளவுக்கு இன்டர்லாக் மாட்டிட்டு ஓட்டலாம்னு ஆச்சு. அவனுக்கு நைட் ஷிஃப்ட். நான் ஊரில் இல்லாத ஒரு ராத்திரி ரூட் 1 ஓரமா நடந்தே போயிருக்கான். ஜனவரி, நடைபாதை கிடையாது, லாரி போற வேகத்தில் சேறும் பனியும் மேலே அடிச்சு, ஜாக்கெட் நனைஞ்சு விறைச்சுப் போச்சு. கராஜில் அதைத் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும். அவன் வாயைத் திறக்கலை.

சாக்ரமெண்டோ குமரன்

ப்ளானோ நண்பர் சொல்வது முழுக்கச் சரியில்லை. கலிஃபோர்னியாவில் இரண்டு வழி. இன்டர்லாக் வைத்தால் எங்கும் ஓட்டலாம், 2019-லிருந்து. வைக்கவில்லை என்றால் முதல் 30 நாள் வண்டியைத் தொடவே கூடாது, பிறகு வேலைக்கும் டியுஐ வகுப்புக்கும் மட்டும். எப்படியானாலும் வகுப்பில் சேர்ந்த அத்தாட்சியும் எஸ்ஆர்-22 என்ற இன்சூரன்ஸ் அத்தாட்சியும் வேண்டும். என் சித்தி மகன் அந்த ரோஸ் தாளை மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டு கோர்ட் தேதிக்காகக் காத்திருந்தான். கோர்ட் வேறு, லைசென்ஸ் கொடுக்கும் துறையான டிஎம்வி வேறு. டிஎம்வி ஹியரிங்கை 10 நாளுக்குள் கேட்க வேண்டும் (டெக்சஸில் 15). கேட்காவிட்டால் கோர்ட் தேதி எப்போதாக இருந்தாலும் சஸ்பென்ஷன் தானாக வந்துவிடும். தாளில் அச்சடித்தே இருக்கிறது. விரித்துப் படியுங்கள், தயவுசெய்து.

சகோதரி, 60 நாளுக்கு ஒருமுறை கருவியை சர்வீஸுக்குக் கொண்டுபோகத் தவறாதீர்கள். மவுத்வாஷ் போட்டதும் ஊதாதீர்கள், அதிலும் ஆல்கஹால் உண்டு. தண்ணீரில் கொப்பளித்து, கொஞ்ச நேரம் கழித்து ஊதுங்கள்.

மதுரைக்காரி, சான் ஹோசே

அண்ணா, இதெல்லாம் எனக்குத் தெரியும். நான் கேட்டது அது இல்லை.

சியாட்டில் வாசி

லைசென்ஸ் திரும்ப வந்துடும். எனக்குக் கோர்ட்டில் கேஸை ரெக்லெஸ் டிரைவிங்னு குறைச்சாங்க, ஆனா அதுக்கு முன்னாடியே, அரெஸ்ட் ஆனதை வெச்சே, கான்சுலேட்டிலிருந்து விசா ரத்துன்னு ஈமெயில். இங்கே இருக்கிற வரைக்கும் எச்1பி ஸ்டேட்டஸுக்கு ஒண்ணும் இல்லை, வெளியே போனா திரும்பி வரப் புது விசா ஸ்டாம்பிங் வேணும்னு வக்கீல் சொன்னார். அப்பா இறந்துட்டார். போனேன். சென்னையில் விசாவுக்காக மெடிக்கல் பரிசோதனைக்கு அனுப்பினாங்க. மொட்டைத் தலையோட உட்கார்ந்திருக்கேன், டாக்டர் ஃபார்மைப் பார்த்துக்கிட்டே, "அப்பாவுக்குக் குடிப்பழக்கம் உண்டா?" அப்பா காபியைத் தவிர எதையும் தொட்டதில்லை. அதைச் சொல்றதுக்குள்ள தொண்டை அடைச்சிடுச்சு.

ஊருக்குப் போறவங்களுக்கு: விசா விண்ணப்பமான டிஎஸ்-160-ல் அரெஸ்ட் ஆனதுண்டான்னு கேட்டா ஆமான்னு போடுங்க, கேஸ் தள்ளுபடி ஆகியிருந்தாலும். 5 வருஷத்துக்குள்ள குடி சம்பந்தமா ஒரு அரெஸ்ட் இருந்தாலே மெடிக்கல் உண்டு. கோர்ட் சான்றளிச்ச காப்பி, அபராதம் கட்டின ரசீது, வகுப்பு முடிச்ச சர்டிஃபிகேட் எல்லாம் கையோட எடுத்துட்டுப் போங்க. தங்கச்சி கல்யாணம், தேதி குறிச்சாச்சுன்னு குறுகின லீவில் கிளம்பாதீங்க. மேனேஜர்கிட்ட முன்னாடியே பேசி வையுங்க.

ஹெர்ன்டன் செல்வி

எல்லாரும் பிடிபட்டவங்க பக்கமே பேசுறீங்க. இங்க சட்டம் கடுமைன்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு: நம்ம நாட்டு வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03. இங்க யூட்டாவிலேயே 0.05.

எங்க காரைக் குடிச்சிட்டு வந்தவன் பின்னாடி இடிச்சான். ஊரிலிருந்து வந்திருந்த மாமா, என் மாமனார், கழுத்துப் பட்டையோட கோர்ட்டுக்கு வந்தார். வர்ஜீனியாவில் முதல் தடவைக்கு 12 மாசம் லைசென்ஸ் போகும், ஆனா ஜட்ஜ் ரெஸ்ட்ரிக்டெட் கொடுக்கலாம். அவன் வக்கீல் அதைத்தான் கேட்டார். "என்னம்மா சொல்றாங்க?"ன்னு மாமா காதுகிட்ட கேட்டார். "வேலைக்குப் போக கார் வேணுமாம், மாமா." கொஞ்ச நேரம் யோசிச்சார். "போகட்டும். புள்ளகுட்டி இருக்கும். ராத்திரி மட்டும் ஓட்ட வேணாம்னு சொல்லச் சொல்லும்மா." யார்கிட்ட சொல்றது? எங்களை யாரும் எதுவும் கேட்கலை. ஆர்டர் கொடுத்துட்டு அடுத்த கேஸைக் கூப்பிட்டுட்டாங்க. அவன் எங்களைக் கடந்து போனப்ப மாமா எழுந்து நின்னார், ஏதாவது பேசுவான்னு. அவன் போன் பார்த்துக்கிட்டே போயிட்டான்.

ப்ளானோ மச்சான்

செல்விக்கா, உங்க மாமாவுக்கு என் வணக்கம் சொல்லுங்க. பாலு அண்ணா, தம்பி இப்ப எப்படி இருக்கார்?

எடிசன் பாலு

ஜெர்சி சிட்டியில் பாத் ரயில் ஸ்டேஷன் பக்கத்தில் வீடு எடுத்துட்டான். லைசென்ஸ் திரும்பக் கிடைச்சும் கார் வாங்கலை.