ஹெடரும் பாலி மவுண்டும் மாற்றிய பிறகு அதிர்வு, கூடவே எக்ஸாஸ்ட் கசிவு

நாலாம்கியர் (கேள்வி):

கார் மஸ்டா எம்எக்ஸ்-5 (கூரை திறக்கும் கார்), இரண்டாம் தலைமுறை, 1.8 லிட்டர். ஸ்டெயின்லெஸ் ஹெடர் (இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் முதல் குழாய்த் தொகுதி), அதிலிருந்து பின்முனை வரை முழு எக்ஸாஸ்ட், பாலியூரித்தேன் இன்ஜின் மவுண்ட் (இன்ஜினைப் பாடியில் தாங்கும் மெத்தை, ரப்பரைவிட விறைப்பானது) எல்லாம் ஒரே மூச்சில் மாற்றியாயிற்று. சத்தம் அருமை. ஆனால் இன்ஜின் 3000 ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு 3000 சுற்று) நெருங்கினால் தரையும் கியர் லீவரும் கிடுகிடுக்கின்றன. கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி இரண்டாகத் தெரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று ஒரு சத்தம், சூடானால் குறைந்துவிடுகிறது. ஹெடரும் அடுத்த குழாயும் சேரும் இடத்தைச் சுற்றிக் கரி. இடையில் கசிவை அடைக்கும் கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டும் கொஞ்ச நாளில் அதே கரி. தடிமனான கேஸ்கெட் போடுவதா, பேஸ்ட் பூசுவதா, எது நிற்கும்?

ஹைரெவ்:

பாலி மவுண்ட் போட்டால் அப்படித்தான் நண்பா, பழகிவிடும். கசிவுக்கு எக்ஸாஸ்ட் பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசி இறுக்கிவிடுங்கள்.

பழையஸ்பேனர்:

பேஸ்ட் வேண்டாம். கேஸ்கெட் திரும்பத் திரும்பப் போகிறது என்றால் கோளாறு கேஸ்கெட்டில் இல்லை, அந்த ஜாயின்ட்டை ஏதோ ஒன்று பிடித்து இழுக்கிறது. உங்கள் அதிர்வுக்கும் அதுதான் காரணம் என்பது என் சந்தேகம்.

முதலில் வண்டியை நிறுத்தி வைத்து, நியூட்ரலில் 3000 வரை ஏற்றிப் பாருங்கள். நின்ற இடத்திலேயே அதே கிடுகிடுப்பு வந்தால் அது இன்ஜின் பக்கத்து விவகாரம். ஓடும்போது மட்டும், அதுவும் எந்த கியரில் போனாலும் ஒரே வேகத்தில் வந்தால் கியர்பாக்ஸிலிருந்து பின்பக்கத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் பக்கம் போங்கள். இந்தக் காரில் கியர்பாக்ஸையும் பின்சக்கரங்களுக்கு நடுவே உள்ள டிஃபரென்ஷியலையும் பவர் பிளான்ட் ஃபிரேம் என்ற நீளமான சட்டம் இணைக்கிறது. வேலை நடக்கும்போது அதைத் தளர்த்தி, திரும்பக் கோணம் பார்க்காமல் இறுக்கியிருந்தால் ஷாஃப்ட் நடுங்கும்.

இன்ஜின் பக்கம் என்று தெரிந்தால் அடுத்தது இது. இன்ஜின் நன்றாக ஆறியபின் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, கரி படிந்த ஜாயின்ட்டின் நட்டுகளைக் கழற்றுங்கள். குழாய் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். பக்கவாட்டில் துள்ளி விலகினால், இத்தனை நாளும் அந்தக் கேஸ்கெட் எதைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று புரிந்துவிடும். அப்படியே முன்குழாயை கியர்பாக்ஸோடு பிடிக்கும் சின்ன பிராக்கெட்டும், அசைவுக்கு வளைந்து கொடுக்கும் ஃபிளெக்ஸ் பைப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கடையில் வாங்கும் குழாய்களில் இவை பல நேரம் இருப்பதில்லை.

நாலாம்கியர்:

அண்ணா, நின்ற இடத்திலேயே அதிர்கிறது. நட்டைக் கழற்றியதும் குழாய் டங்கென்று வலது பக்கம் துள்ளியது. பிராக்கெட் இல்லை, ஃபிளெக்ஸும் இல்லை. ஹீட் ஷீல்டில் (குழாயின் சூட்டைத் தடுக்கும் தகடு) ஒரு இடம் தேய்ந்து பளபளக்கிறது.

பழையஸ்பேனர்:

அந்தப் பளபளப்புதான் தரையை ஆட்டுகிறது. குழாய் ஷீல்டைத் தொடுகிறது, ஷீல்டு பாடியோடு சேர்ந்திருக்கிறது. ரப்பர் மவுண்டே போட்டாலும் அந்த வழியாக அதிர்வு உள்ளே வரத்தான் செய்யும்.

கணக்கைப் பாருங்கள். ஸ்டெயின்லெஸ் குழாய் ஒன்றரை மீட்டர் நீளம், 400 டிகிரி சூடேறுகிறது என்று வையுங்கள். ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் நீளும். ஃபிளெக்ஸ் இல்லாவிட்டால் அந்த நீளம் முழுவதும் குழாயைத் தொங்கவிடும் ஹேங்கரையும் ஜாயின்ட்டையும்தான் தள்ளும். போதாததற்கு ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் இன்ஜின் பக்கவாட்டில் உருள்கிறது, பாடியில் தொங்கும் குழாயோ உருள்வதில்லை. பிராக்கெட் இருந்தால் முன்குழாய் இன்ஜினோடு ஒட்டி நகரும். மீதி அசைவை அதற்குப் பின்னால் வரும் ஃபிளெக்ஸ் வாங்கிக்கொள்ளும். எனவே பிராக்கெட் செய்து போட்டு, அதை அடுத்து ஒரு ஃபிளெக்ஸ் துண்டை வெல்டு செய்யச் சொல்லுங்கள். வெறும் வலைப் பின்னல் மட்டும் உள்ளது சீக்கிரம் கிழியும், உள்ளே உலோக லைனர் உள்ளதாகக் கேளுங்கள்.

மாட்டும்போது எல்லாவற்றையும் தளர்வாகத் தொங்கவிட்டு, இன்ஜின் பக்கத்திலிருந்து பின்னோக்கி இறுக்கி வாருங்கள். குழாய் முனையில் நட்டு மாட்டும் தட்டான ஃபிளாஞ்ச் வளைந்திருக்கிறதா என்று நேர்க்கோலை வைத்துப் பார்த்துவிடுங்கள். நைலான் லாக் நட் அங்கே உருகிவிடும், முழு உலோக லாக் நட்தான் வேண்டும். ஒருமுறை சூடாகி ஆறியபின் மறுபடி டார்க் (நட்டின் இறுக்கம்) சரிபாருங்கள். அளவுக்கு ஒர்க்‌ஷாப் மேனுவல். ஹேங்கரும் பாலியாக இருந்தால் அதை மட்டும் ரப்பருக்கு மாற்றலாம்.

இத்தனையும் செய்தபின் கொஞ்சம் அதிர்வு மிஞ்சும். அதற்கு மவுண்டைத்தான் சொல்ல வேண்டும். நான்கு சிலிண்டர் இன்லைன் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை மேலும் கீழும் உதறும். 3000 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 100 தடவை. போர்ஷேவே 944-க்கு மிட்சுபிஷியிடம் உரிமம் வாங்கி பேலன்ஸ் ஷாஃப்ட் (அதிர்வை எதிர்த்துச் சமன் செய்யும் சுழல் தண்டு) போட்டது இந்த உதறலுக்காகத்தான். உங்கள் 1.8-இல் அது கிடையாது. மிஞ்சுவது பொறுக்க முடியாததாக இருந்தால் அப்போது மவுண்டை மாற்றுவதைப் பற்றிப் பேசுவோம், இப்போது தொடாதீர்கள்.

லாம்டா:

ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிந்தால் இன்னொரு தொல்லை. எக்ஸாஸ்ட் துடிப்புகளுக்கு இடையே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும், சென்சார் கலவை லீன் (பெட்ரோல் குறைவு) என்று காட்ட, இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிவிடும். ஸ்கேனரில் ஃப்யூவல் டிரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) ஐடிலில் ஏறி, ஆர்பிஎம் கூடக்கூட இறங்குகிறதா பாருங்கள். சாதாரண சிலிகான் சீலன்ட் பூசினால் அதன் ஆவியே சென்சாரைக் கெடுக்கும். வேலை முடிந்ததும் ஆறிய இன்ஜினில் டெயில்பைப் வழியாக வாக்குவம் கிளீனரின் காற்றைச் செலுத்தி, ஜாயின்ட்டில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வந்தால் இன்னும் கசிகிறது.

நாலாம்கியர்:

மிக்க நன்றி. வெல்டிங்குக்குத் தேதி கிடைக்கும் வரை கூரையைத் திறந்து வைத்து ஓட்டலாமா?

பழையஸ்பேனர்:

வேண்டாம். திறந்த காரில் முன் கண்ணாடிக்குப் பின்னால் காற்று சுழன்று உள்ளேதான் திரும்பும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது. கியர் லீவரைச் சுற்றியுள்ள ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள், தரைக்கு அடியில் கசிவது அந்த வழியாகத்தான் முதலில் உள்ளே ஏறும். மூடிய கராஜில் ஸ்டார்ட்டும் செய்யாதீர்கள்.