புதுப்பிப்பு: அம்மாவின் வட்ஸ்அப் திரும்பக் கிடைத்துவிட்டது

தருமபுரத்தில் இருக்கும் அம்மாவின் வட்ஸ்அப்பை யாரோ களவெடுத்துவிட்டார்கள், என்ன செய்யலாம் என்று இரண்டு கிழமைக்கு முன் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

தெரிந்த ஒருவரின் பெயரில் “தவறுதலாக உங்களுக்கு ஒரு கோட் வந்திருக்கும், அனுப்பிவிடுங்கோ” என்று மெசேஜ் வர, அம்மா அந்த 6 இலக்கங்களையும் அனுப்பிவிட்டார். அரை மணித்தியாலத்தில் கனடாவில் இருக்கும் மாமாவிடம் அம்மா போலக் காசு கேட்டிருக்கிறார்கள். அம்மா அவரைப் “பெரியண்ணா” என்றுதான் கூப்பிடுவார். மெசேஜில் வெறும் “அண்ணா”. மாமா உடனே எனக்குப் போன் எடுத்தார்.

கைகொடுத்தது, அதே இலக்கத்தில் மறுபடி பதிவு செய்யச் சொன்ன யோசனைதான். எஸ்எம்எஸ்ஸில் வந்த புதுக் கோட்டைப் போட்டதும் களவெடுத்தவர் வெளியேற்றப்பட்டார்.

ஆனால் எதிர்பாராத ஒன்று: களவெடுத்தவர் டூ-ஸ்டெப் பின் (எஸ்எம்எஸ் கோட்டுக்கு மேலதிகமாக வட்ஸ்அப் கேட்கும் இரகசிய இலக்கம்) போட்டு வைத்திருந்தார். அது தெரியாவிட்டால் 7 நாள் காத்திருக்க வேண்டும். புதுக் கோட்டை யாருக்கும் கொடுக்காதவரை அவராலும் உள்ளே வர முடியாது. ஆகவே பதற வேண்டாம். காசு தந்தால் திறந்து தருகிறோம் என்பவர்களை நம்பவே வேண்டாம். அந்த நாட்களில் சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் போன் எடுத்துச் சொன்னோம்.

எட்டாம் நாள் காலை திறந்தது. உடனே செட்டிங்ஸ், அக்கவுண்ட், டூ-ஸ்டெப் வெரிபிகேஷன் போய் எங்கள் பின்னைப் போட்டு, மறந்தால் மீட்க என் ஈமெயிலையும் சேர்த்துவிட்டேன். அம்மாவின் பழைய மெசேஜ்கள் எல்லாம் போனிலேயே பத்திரமாக இருந்தன.