லோகோவைப் பார்த்ததும் தொழில் தெரியணுமா?

இலைநிழல்:
வணக்கம் எல்லாருக்கும். குழந்தைகளைப் படம் எடுக்குறதுதான் என் வேலை. இத்தனை நாள் இன்னொருத்தர்கிட்ட இருந்தேன், இப்போ சொந்தமா ஆரம்பிக்கிறேன். லோகோவும் செஞ்சு வந்தாச்சு: ஒரு கேமரா, லென்ஸுக்குள்ள ஒரு கண், மேல ஒரு இலை (இயற்கை வெளிச்சத்துல மட்டும் எடுப்பேன், அதுக்காக), சுத்தி வட்டமா என் ஸ்டுடியோ பேர். நாலு கலர், ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குக் கலர் மெல்ல மாறுற கிரேடியன்ட் வேற. டிசைன் படிச்ச தோழி "முதல்ல கேமராவைத் தூக்கு"ங்கிறா. அண்ணனோ "கேமரா இல்லன்னா நீ என்ன பண்றேன்னு எவனுக்குத் தெரியும்?"ங்கிறான். யார் சொல்றது சரி?

வெற்றுத்தாள்:
உங்க தோழி சொல்றதுதான் சரி. லோகோவோட வேலை அடையாளம் காட்டுறது, விளக்கம் சொல்றது இல்ல. ஆப்பிள் லோகோவுல கம்ப்யூட்டர் இருக்கா? மெர்சிடிஸ் நட்சத்திரத்துல சக்கரம் இருக்கா? 1961ல சேஸ் பேங்குக்குப் போட்டுக் கொடுத்தது வெறும் எண்கோண வடிவம், அதுல காசும் இல்ல, பெட்டகமும் இல்ல. பத்து போட்டோகிராஃபர் லோகோவை வரிசையா வச்சுப் பாருங்க, பாதியில கேமரா இருக்கும், மீதியில லென்ஸ் இதழ்கள் இருக்கும். அந்தக் கூட்டத்துல பதினொண்ணாவதா போய் நிக்கவா காசு கொடுத்தீங்க?

மைக்கறை:
இந்த ஆப்பிள் உதாரணத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு நண்பரே. அவங்க விளம்பரத்துக்குக் கொட்டுற பணம் இந்தத் தங்கச்சிகிட்ட இருக்கா? நைக்கியையே எடுத்துக்கோங்க. 1971ல கரோலின் டேவிட்சன்னு ஒரு மாணவி 35 டாலருக்கு வரைஞ்சு கொடுத்த கோடு அது. அதைத் தனியா நிக்க விட்டது 1995லதான். அது வரைக்கும் பேர் துணையோடதான் வளந்துச்சு. ஸ்டார்பக்ஸ் 1971ல கடை திறந்துட்டு 2011லதான் லோகோவுல இருந்து பேரை எடுத்தாங்க. நாப்பது வருஷம்! முதல் நாள் கடை திறக்குறவங்க ஒரு புரியாத வளைவைப் போட்டா அது வெறும் மை, அவ்வளவுதான். நான் அச்சுத் தொழில்ல இருக்கேன், மை விக்கிற விலை எனக்குத் தெரியும்.

வெற்றுத்தாள்:
பேரை எடுங்கன்னு நான் எங்க சொன்னேன்? நீங்க கொடுத்த ரெண்டு உதாரணமும் பேரைத்தான் தாங்குது, படத்தை இல்ல. நைக்கி கூட ஷூ படம் போடலையே. ஃபெடெக்ஸ் கூரியர் கம்பெனி லோகோவைப் பாருங்க, 1994ல லிண்டன் லீடர்னு ஒரு டிசைனர் செஞ்சது. வெறும் எழுத்துதான். கடைசி ரெண்டு எழுத்துக்கு நடுவுல வெள்ளையா ஒரு அம்புக்குறி இருக்கு, அதைக் கவனிக்காதவங்க ஏராளம். அதனால லோகோ தோத்துடுச்சா?

மைக்கறை:
சரி, உங்க ஆப்பிளுக்கே வர்றேன். 1977ல அந்த லோகோவை வரைஞ்ச ராப் ஜானாஃப், கடிச்ச இடத்தை எதுக்கு வச்சார்? சின்னதா போட்டா செர்ரிப் பழம்னு நினைச்சுடக் கூடாதுன்னு. ஆக, பாக்குறவனுக்குப் புரியணுமேங்கிற கவலை அவருக்கும் இருந்திருக்கு.

வெற்றுத்தாள்:
ஆப்பிள்னு புரியணும்னுதான் கவலைப்பட்டார், கம்ப்யூட்டர்னு இல்ல. ரெண்டையும் குழப்பாதீங்க.

மைக்கறை:
இதுக்குப் பதில் யோசிச்சுட்டு வர்றேன் 🙂 அதுக்குள்ள இலைநிழலுக்குத் தொழில் ரீதியா நாலு வார்த்தை. போன மாசம் ஒருத்தர் தொப்பியில எம்பிராய்டரி போடக் கொடுத்தார். லோகோவுல ஒரு மயிலிறகு, அதுல தலைமுடி மாதிரி கோடுகள். நூலுக்குன்னு ஒரு தடிமன் இருக்குங்க, அதைவிட மெல்லிசா கோடு போட்டா ஊசி என்ன பண்ணும்? இறகு தேங்காய் நார் மாதிரி வந்துச்சு. ஃபைலைக் கேட்டா வாட்ஸ்அப்ல வந்த பிஎன்ஜி, பெருசாக்கினா உடைஞ்சுபோற படம். கோரல் டிரா சாஃப்ட்வேர்ல உக்காந்து முதல்ல இருந்து ட்ரேஸ் பண்ணினேன். அதனால டிசைனர்கிட்ட, எவ்வளவு பெருசாக்கினாலும் உடையாத வெக்டர் ஃபைலைக் கேட்டு வாங்குங்க, எஸ்விஜியோ பிடிஎஃப்போ. ஒரே கலர்ல ஒண்ணு, கறுப்புப் பின்னணிக்கு வெள்ளையில ஒண்ணு தனியா வாங்குங்க. ஸ்க்ரீன்ல பளிச்சுன்னு தெரியுற பச்சை, நாலு கலர் அச்சுல மங்கித்தான் வரும். அப்புறம் வந்து பிரெஸ்காரனைத் திட்டக் கூடாது.

அரைப்புள்ளி:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கவும். லோகோவுக்கு இவ்வளவு அலட்டல் தேவையா? உங்க படம் நல்லா இருந்தா ஒரு கோணல் வட்டம் போட்டாலும் ஆள் வரும். 2010 அக்டோபர்ல கேப் (Gap)ங்கிற அமெரிக்கத் துணிக்கடைக் கம்பெனி பழைய லோகோவை மாத்துச்சு, ஜனங்க போட்ட கூச்சல்ல ஒரு வாரத்துக்குள்ள பழசையே கொண்டு வந்துட்டாங்க. புதுசு அசிங்கமா அழகான்னு நான் பேச வரல. பழகினது போச்சேன்னுதான் அந்தக் கோபம். எதையாவது ஒண்ணைப் போட்டுட்டு பத்து வருஷம் மாத்தாம இருங்க.

வெற்றுத்தாள்:
"எதையாவது"ன்னு டெம்ப்ளேட் தளத்துல எடுத்துடாதீங்க இலைநிழல். அதே இலையை இன்னும் நூறு பேர் எடுத்திருப்பாங்க. பொதுக் கிடங்குல இருக்குற படத்தை வணிகக்குறியா பதியவும் அந்தத் தளங்களோட உரிமம் பொதுவா இடம் கொடுக்காது. அரைப்புள்ளி சொன்ன கடைசி வரியை மட்டும் ஒத்துக்குறேன்.

இலைநிழல்:
எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி உக்காந்து சோதிச்சேன். ப்ரொஃபைல் வட்டத்துல போட்டதும் சுத்தி இருந்த பேர் எறும்பு வரிசை ஆயிடுச்சு. பிரவுசர் டேப்ல வர்ற 16 பிக்சல் அளவுக்குக் குறைச்சேன்: கேமரா ஒரு பழுப்புப் பெட்டி, அது மேல ஈ உக்காந்த மாதிரி இலை. கறுப்பு வெள்ளையில ஜெராக்ஸ் எடுத்தா இன்னும் மோசம், பச்சையும் பழுப்பும் ஒரே சாம்பல். அண்ணன்கிட்டயே நீட்டினேன். "என்ன இது, ஹேண்ட்பேகா?"ன்னான்.

கேமரா போச்சு. பேரைத் தடிமனான எழுத்துல நேரா எழுதப் போறேன். பேர் 'ணி'ன்னு முடியுது, அந்த மேல் கொக்கியை இலையா மாத்தினா எப்படி?

மைக்கறை:
அண்ணன் ஹேண்ட்பேகுன்னதுக்கு அப்புறம் நான் என்ன பேச? ஆனா பேருக்குக் கீழ 'குழந்தைப் படங்கள்'னு ஒரு வரி கட்டாயம் போடுங்க, அதுல விட்டுக்கொடுக்க மாட்டேன். மெல்லிசு ஃபான்ட் வேணாம். 'ண'வோட சுழிக்குள்ள இருக்குற வெள்ளை, சின்ன அளவுல மை பரவி அடைச்சுக்கும். டிசைனர்கிட்ட சொல்லி அந்த இடைவெளியைக் கொஞ்சம் திறந்து விடச் சொல்லுங்க.

வெற்றுத்தாள்:
கீழ ஒரு வரி போடுறதுல எனக்கு ஆட்சேபம் இல்ல. ஆனா கொக்கியில இலை வைக்கிறது ஆபத்து. சின்னதா ஆனதும் அந்த இலை ஒரு புள்ளியாத் தெரியும். 'ணி' போய் 'ண்' ஆயிடும். விஷயம் தெரியாத யாரையாவது வாசிக்கச் சொல்லிப் பாருங்க.

இலைநிழல்:
இப்பதான் அண்ணிகிட்ட காட்டினேன். 'ண்'னுதான் வாசிச்சாங்க. கூடவே, "மேல ஏதோ தூசி ஒட்டியிருக்கு"ன்னு போன் ஸ்க்ரீனைத் துடைச்சுக் கொடுத்தாங்க.